மாலை கழற்றிய மறுநாள்

வாசகர் கேள்வி – பதில்

ஒரு பழக்கத்தைத் தொடர்ந்து 30 நாள் கடைப்பிடித்துப் பார்க்கும் ‘30 நாள் சவால்’ பற்றிச் சென்ற இதழில் வாசகர்களிடம் கேட்டிருந்தோம். தென்காசி, தேனி, பொள்ளாச்சி, குமரி என்று கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் மூட்டை தூக்கும் வேலை பார்க்கிறார். வருசா வருசம் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டால், மலைக்குப் போய் வரும்வரை பீடியைத் தொடமாட்டார். மாலையைக் கழற்றிய மறுநாள் காலையிலேயே டீக்கடையில் பற்றவைத்து விடுவார். ஆறு வருசமாக இதே கதைதான். 41 நாள் இருக்க முடிந்தவரால் 42ஆம் நாள் ஏன் இருக்க முடியவில்லை? நான் வீட்டில் பீடி சுற்றுகிறவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
— வாசகி, செங்கோட்டை

பதில்: அந்த 41 நாளும் அவரைத் தாங்கிப் பிடித்தவை எவை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள் அம்மா. கழுத்தில் மாலை, இடுப்பில் கறுப்பு வேட்டி. விடியுமுன் ஒரு குளியல், பொழுது சாய்ந்ததும் ஒரு குளியல். எதிரில் வருகிறவரெல்லாம் ‘சாமி’ என்கிறார்கள். கேட்க குருசாமி இருக்கிறார். டீக்கடைக்காரரே பீடி நீட்ட மாட்டார். இருமுடி கட்டும் தேதியும் தெரியும். மாலையைக் கழற்றும்போது இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. மிஞ்சுவது பழைய பெஞ்சும் பழைய கூட்டாளிகளும்தான்.

உடம்பைக் குறை சொல்ல முடியாது. பீடியை விட்டால் வரும் எரிச்சல், தூக்கக்கேடு, பரபரப்பு எல்லாம் முதல் வாரத்தில் கடுமையாக இருக்கும். இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். 41 நாள் கடந்தவருக்கு அந்தக் கட்டம் முடிந்தாயிற்று. 42ஆம் நாள் அவரை இழுப்பது இடமும் நேரமும்: காலை டீ, சாப்பிட்டு எழுந்த நேரம், லோடு இறக்கி முடித்து உட்காரும் நேரம். அந்த மூன்று நேரத்திலும் விரத நாட்களில் அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். நிச்சயம் ஏதோ செய்திருப்பார். சுக்குக் காப்பி குடித்திருக்கலாம், சரணம் சொல்லியிருக்கலாம், சும்மா எழுந்து நடந்திருக்கலாம். மாலை கழற்றுவதற்குப் பத்து நாள் முன்பே அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாலை போன பிறகும் அந்த மூன்றும் அப்படியே தொடர வேண்டும். விடியற்காலைக் குளியலையும் விடவேண்டாம். அந்த நாட்களின் மற்ற ஒழுங்கெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

முதல் இரண்டு வாரம் டீயை வீட்டிலோ வேறு கடையிலோ குடிக்கட்டும். ஆசை எழும்பினால் சில நிமிடத்தில் தானாக இறங்கிவிடும். அதுவரை வாயில் ஒரு கிராம்போ ஏலக்காயோ போதும். பாக்கும் புகையிலையும் வேண்டாம், அது ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்குப் போவதாகும். பீடிச் செலவு நாளுக்கு 30 ரூபாய் என்றால் 41 நாளில் 1,230 ரூபாய். அதைத் தனியே எடுத்து அவர் கண்ணில் படும்படி வையுங்கள்.

இனி பீடித்தட்டு. உங்கள் பிழைப்பை விடச் சொல்லவில்லை. அவர் வேலைக்குப் போன நேரத்தில் சுற்றி முடியுங்கள். கட்டி முடித்த பீடியும் தூளும் அவர் உட்காரும் இடத்தில் கிடக்கக்கூடாது. கம்பெனியில் கொண்டு போடும்வரை மூடிய டின்னில் இருக்கட்டும். வாசனைகூட ஒரு அழைப்புதான்.

தேதி இல்லாமல் ‘இனி எப்போதும் இல்லை’ என்று சொல்லச் சொல்லாதீர்கள். அடுத்த சவால் தைப்பொங்கல் வரை. அதன்பிறகு மகா சிவராத்திரி வரை. ஒவ்வொன்றும் மாலை இல்லாமல் நடக்கட்டும். நடுவில் ஒரு பீடி பிடித்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்: அந்த ஒன்றோடு நிற்க வேண்டும், பீடிக் கட்டு வாங்கக்கூடாது, நாள் கணக்கு அறுபடாது. ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்ற எண்ணம்தான் ஒரு பீடியை ஒரு கட்டாக்குகிறது. புகையிலையை விட உதவும் அரசின் இலவச எண் 1800-11-2356.

ஒரு எச்சரிக்கை. இதே முறையைக் குடிக்கு அப்படியே வைக்கக்கூடாது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் மாலை போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒரு பழக்கம் படிய 21 நாள் என்கிறார்கள், ஒரு மண்டலம் என்கிறார்கள், 66 நாள் என்கிறார்கள். எது சரி? நடுவில் ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமா?
— வாசகர், போடி

பதில்: 21 நாள் என்பது 1960-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். கைமாறி வந்ததில் ‘குறைந்தது’ என்ற சொல் உதிர்ந்துவிட்டது.

66 நாளுக்கு ஓர் ஆய்வு இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் தினம் ஒரு சிறு செயலை ஒரே சந்தர்ப்பத்தில், உதாரணமாகக் காலை உணவு முடிந்ததும், செய்ய வேண்டும். அது யோசிக்காமல் வரும் நிலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டதில் நடு அளவு 66 வந்தது. ஆனால் சிலருக்கு 18, சிலருக்கு 254! தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. ஆகவே மண்டலம் கேரள வழக்கில் 41 ஆனாலும் நம் சித்த மருத்துவ வழக்கில் 48 ஆனாலும், அதைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், முடிவாக அல்ல.

ஒரு நாள் விடுபட்டது பழக்கம் படிவதை ஏறக்குறைய பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. விரத நியமத்தை உங்கள் குருசாமியிடம் கேளுங்கள். பழக்கத்துக்கு ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதில்லை. ஒரு நாள் தவறலாம், தொடர்ந்து இரண்டாம் நாள் தவறக்கூடாது என்று வைத்துக்கொண்டால் போதும். தவறிய நாளைக் காலண்டரில் வெறுமனே விடாமல், ஏன் தவறியது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள்: ‘மழை’, ‘விருந்து’, ‘தலைவலி’. மாதக் கடைசியில் ஒரே சொல் நாலு தடவை வந்திருந்தால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: நான் ஏலத்தோட்ட வேலைக்கு விடியக்காலை ஜீப்பில் மேட்டுக்குப் போய் வருகிறவள். வாரக்கூலி. முதல் வாரம் 20 ரூபாய், இரண்டாம் வாரம் 40, மூன்றாம் வாரம் 60 என்று 52 வாரம் சேர்க்கும் சவாலைப் பார்த்து ஆரம்பித்தேன். 19ஆவது வாரம் கட்ட முடியாமல் விட்டேன். சேர்த்ததும் செலவாகிவிட்டது. எனக்குத்தான் கட்டுப்பாடு இல்லையா?
— வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: இல்லை தாயி, அந்தக் கணக்கு வாரக்கூலிக்காரருக்குப் பொருந்தாது. முதல் நாலு வாரத்துக்கும் சேர்த்து 200 ரூபாய்தான். கடைசி நாலு வாரத்துக்கு 4,040 ரூபாய்! பழக்கம் படியும்வரை சுமை லேசாக இருக்க வேண்டும் என்பது சரிதான், ஆனால் இது வாரா வாரம் ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் கூலி அப்படி ஏறுவதில்லை. மழை பிடித்த வாரத்தில் ஜீப் ஏறாத நாட்களும் வரும். 18 வாரத்தில் 3,420 ரூபாய் சேர்த்திருக்கிறீர்கள். அது சின்னத் தொகை இல்லை.

இந்த முறை 12 வாரம் போதும். ஒவ்வொரு வாரமும் ஒரே தொகை. எவ்வளவு என்பதற்கு, போன இரண்டு மாதத்தில் மிகக் குறைவாகக் கூலி வந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வாரத்திலும் முடிந்திருக்கக்கூடிய தொகைதான் சரியான தொகை. அது 150 என்றால் 12 வாரத்தில் 1,800. நல்ல கூலி வந்த வாரத்தில் அதிகம் போட ஆசை வரும். போடுங்கள், ஆனால் அதை அடுத்த வாரத்துக்கான முன்பணமாகக் கணக்கு வைக்காதீர்கள். அடுத்த வாரமும் கை அதே வேலையைச் செய்ய வேண்டும். நாம் வளர்ப்பது கையின் பழக்கத்தை. வேலையே இல்லாத வாரத்துக்கு 20 ரூபாய் போதும். பூஜ்யம் மட்டும் வேண்டாம்.

எப்போது எடுத்து வைப்பது? பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து காட்டிவந்தது இதுதான்: ‘சேமிப்பேன்’ என்று பொதுவாக நினைப்பவரைவிட, ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முடிச்சுப் போட்டு வைப்பவர் அதிகம் செய்து முடிக்கிறார். உங்களுக்கு அந்த முடிச்சு: கூலி கைக்கு வந்து ஜீப்பை விட்டு இறங்கியதும், சாமான் வாங்கப் போகும் முன், வீட்டுக்கு வந்து டப்பாவில் போடுவது. கடைக்குப் போய் வந்த பிறகு என்றால் டப்பாவுக்கு எதுவும் வராது. டப்பா அடுப்படியில் இருக்கக்கூடாது, எண்ணெய் தீர்ந்த அன்று கை அங்கேதான் போகும். நம்பிக்கையான அக்கம்பக்கத்து ஆளிடம் கொடுத்து வைப்பது இன்னும் நல்லது.

13ஆம் வாரம், சேர்ந்த பணத்தை என்ன செய்வது என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள், போன தடவை விடுபட்டது அந்த முடிவுதான். சேர்ந்த 1,800-லிருந்து ஒரு பகுதியை எடுத்து போஸ்ட் ஆபீஸில் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். மாதம் 100 ரூபாயிலிருந்து ஆரம்பிக்கலாம், காலம் 5 வருடம், தேவைப்பட்டால் 3 வருடத்துக்குப் பின் முடித்துக்கொள்ளலாம். மிச்சத்தில் உங்களுக்கென்று ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். 12 வாரம் கட்டிய கைக்கு அது சேர வேண்டியது.

கேள்வி: நாங்கள் ஐந்து தோழிகள். வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து தினம் 10,000 காலடி என்று 30 நாள் நடைச் சவால் தொடங்கினோம். ஒன்பதாம் நாளுக்குள் இரண்டு பேருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குக் குதிகால் வலி. குழுவும் அமைதியாகிவிட்டது.
— வாசகி, கோபாலபுரம், பொள்ளாச்சி வட்டம்

பதில்: 10,000 என்பது மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள், எண் அங்கிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. அதாவது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிட வேக நடை.

நீங்கள் சாதாரணமாக எவ்வளவு நடந்தீர்கள் என்று பார்க்காமல் குதித்ததுதான் பிழை. வீட்டு வேலையோடு 3,000 அடி நடந்தவர் மறுநாளே 10,000 என்றால் மூச்சு பழகிவிடும், தசையும் சில வாரத்தில் பழகும், தசைநாண்களும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. முதல் ஏழு நாள் எதையும் மாற்றாமல் எண்ணிக்கையை மட்டும் குறியுங்கள். அதன் சராசரியோடு வாரத்துக்கு 1,000 அடி கூட்டுங்கள். 1,000 அடி என்பது சுமார் பத்து நிமிட நடை. 30 நாளில் 6,000 அல்லது 7,000-க்கு வந்தால் நல்ல வெற்றி.

ரப்பர் செருப்பில் நடக்காதீர்கள். பின்பக்கம் வார் உள்ளதோ ஷூவோ வேண்டும். தார் ரோட்டைவிடத் தென்னந்தோப்பு மண்தடம் காலுக்கு இதம். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் குத்தினால் பாதி தூரமாக்குங்கள், முழங்கால் வீங்கினால் நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் தென்மேற்குப் பருவ மழையும் உங்கள் பக்கம் எப்படி என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ‘மழை நாள் அளவு’ ஒன்றை முதலிலேயே வையுங்கள்: வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம். அதைச் செய்தாலும் அன்றைய கணக்கு நிறைவுதான்.

குழுவில் அடி எண்ணிக்கையைப் போடுவதை நிறுத்துங்கள். 11,000 போடும் தோழிக்குப் பக்கத்தில் 4,000 போட யாருக்கும் கூச்சம் வரும், பிறகு பேச்சே வராது. அவரவர் அன்றைய அளவை முடித்ததும் ஒரு ‘சரி’ குறி, அவ்வளவே. இரண்டு நாள் குறி வராதவருக்கு யார் போன் செய்வது என்று ஜோடி பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகனுக்குக் கோடை விடுமுறையில் 30 நாள் வாசிப்புச் சவால் வைத்தேன். பக்கத்துக்கு 2 ரூபாய். பணம் நின்றதும் புத்தகமும் நின்றது.
— வாசகி, களியக்காவிளை

பதில்: 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் நர்சரிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகள் அவர்கள். ‘வரைந்தால் பரிசு’ என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பின்னால் பரிசு இல்லாதபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கு அந்தச் சரிவு இல்லை. விளையாட்டு கூலி வேலையாக மாறியதுதான் காரணம்.

பக்கக் கணக்குக்கு இன்னொரு கேடும் உண்டு: பிள்ளை சித்திரம் நிறைந்த, எழுத்து குறைந்த புத்தகமாகத் தேடுவான், வேகமாகப் புரட்டுவான். அடுத்த முறை நேரத்தை வையுங்கள், பத்து நிமிடம், ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாய் விரித்ததும். என்ன புத்தகம் என்பதை அவனே தேர்ந்தெடுக்கட்டும், பிடிக்காததைப் பாதியில் விட உரிமை உண்டு. அதே பத்து நிமிடம் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். 30ஆம் நாள் அவனைப் புத்தகக் கடைக்குக் கூட்டிப் போங்கள், ஆனால் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

கேள்வி: எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மலையாளிகள். பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. 30 நாளில் மலையாள எழுத்து படிக்க முடியுமா? இரண்டு தடவை அட்டவணை வாங்கி, ஐந்தாம் நாள் விட்டுவிட்டேன்.
— வாசகர், புளியரை

பதில்: முடியும். அட்டவணையை வரிசையாக மனப்பாடம் செய்யப் போனதால்தான் ஐந்தாம் நாள் அலுத்தது. க வரிசையில் மட்டும் ஐந்து எழுத்து, அப்படி ஐந்து வரிசை. வார்த்தையாக வரும்வரை அதில் ருசியே இருக்காது. உங்களிடம் மற்றவர்களுக்கு இல்லாத வசதி ஒன்று இருக்கிறது: சொற்கள் ஏற்கெனவே தெரியும். உங்கள் செங்கோட்டைப் பக்கம் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்த மண். உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில்கூட மலையாள எழுத்து இருக்கலாம்.

பஸ் போர்டிலிருந்து ஆரம்பியுங்கள். நாளுக்கு ஒரு ஊர்ப்பெயர். முதல் நாள் ‘கொல்லம்’. தமிழில் ‘கொ’ எழுதும்போது முன்னால் கொம்பும் பின்னால் காலும் வருகிறதே, மலையாளத்திலும் அப்படியே இரண்டு பக்கமும் குறி வரும். நடுவில் இரட்டை ல சேர்ந்து ஒரே எழுத்தாகத் தெரியும். கடைசியில் ஒரு சின்ன வட்டம், அதுதான் ம். இரண்டாம் நாள் ‘புனலூர்’. நம் ந, ன இரண்டுக்கும் அங்கே ஒரே எழுத்து என்பது இதில் தெரியும். கடைசி ர், புள்ளி இல்லாமல் தனி வடிவமாக நிற்கும். இப்படித் தனி வடிவம் கொள்ளும் மெய்கள் முக்கியமாக ஐந்து: ண், ன், ர், ல், ள். பிறகு தென்மலை, ஆரியங்காவு, கொட்டாரக்கரை, திருவனந்தபுரம். உ, ண, வ போன்றவை தமிழ் முகத்தோடே இருப்பதால் பத்து ஊருக்குள் கண் பழகிவிடும்.

தடுக்கி விழும் இடத்தையும் சொல்லிவிடுகிறோம். ‘காந்தி’யில் வரும் க-வும் ‘சங்கரன்’ என்பதில் வரும் ச-வும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும், இரண்டாவதற்கு உள்ளே ஒரு சுழி கூடுதல். இவற்றை ஒரே நாளில் படிக்காதீர்கள், ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். பழைய கடைப் போர்டுகளில் கூட்டெழுத்துகள் சிக்கலாக இருக்கும். 1971 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பிருந்த வடிவங்கள் அவை. முதல் மாதம் அவற்றைத் தொடவேண்டாம்.

நேரம், காலையில் கடை ஷட்டரைத் தூக்கிய உடன் ஐந்து நிமிடம். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அன்றைய ஊரை மூன்று தடவை எழுதுங்கள். கூட்டம் உள்ள நாளில் ஒரு தடவை. இருபதாம் நாளிலிருந்து ஊர்ப்பெயரை விட்டுக் கடைச் சரக்குக்கு வாருங்கள்: அரி (அரிசி), சர்க்கரை (அவர்களுக்கு அது வெல்லம்), வெளிச்செண்ணை (தேங்காய் எண்ணெய்), உப்பு. 31ஆம் நாள் முதல், மலையாளி வாடிக்கையாளர் கொண்டுவரும் சாமான் சீட்டை அவர் வாசிக்குமுன் நீங்களே வாங்கி வாசிக்கப் பாருங்கள். தவறினால் அவரே சொல்லித் தந்துவிடுவார்.